கல்லென்று எடுத்த மீனும் நாத்தனார் முடிச்சும்

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் மீன்கார ராஜம்மாவை அடையாளம் சொல்லணும் என்றால் அவள் வலது கைக் கட்டைவிரலைத்தான் சொல்வார்கள். நகத்துக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு. வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது அந்த விரல் மட்டும் கொஞ்சம் விறைத்துக்கொண்டு நிற்கும். புதுசாக வந்த கம்பெனிப் பிள்ளைகள், இன்னாக்கா கத்தி பட்டுச்சா என்று கேட்டால் போதும், தராசைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவாள். பக்கத்துக் கடைக்காரிகளுக்கு அந்தக் கதை மனப்பாடம். ஆனாலும் ஒருத்தியும் எழுந்து போகமாட்டாள்.

அது தொண்ணூத்தொண்ணாம் வருஷத்து ஆவணி மாசம். ராஜம்மாவுடைய கடைசித் தம்பி சுபாஷுக்குக் கல்யாணம்.

முதலில் உறவைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நிற்காது. ராஜம்மாவின் அப்பா பரசுராமன், ஒரகடம் ரோட்டில் நாலு பேர் மதிக்கிற சம்சாரி. நெற்றியில் நாமம் இல்லாமல் வயலுக்குத் தண்ணீர் கட்டக்கூடப் போகமாட்டார். ராமானுஜர் கோயில் தேர் ஓடின அன்றைக்குப் பிறந்தவள் என்று மூத்த பெண்ணுக்கு எத்திராஜம்மா என்று சாமி பேரையே வைத்தார், ஊர் அதை ராஜம்மாவாகச் சுருக்கிவிட்டது. அடுத்தது பாபு, கடைசி சுபாஷ். பரசுராமனின் தம்பியும் தம்பி பெண்சாதியும் காலராவில் போய்விட, அவர்கள் பெண் பாஞ்சாலியும் அதே வீட்டில்தான் வளர்ந்தாள். ராஜம்மாவுக்குத் தங்கச்சி முறை. ஒரே பாயில் படுத்து, ஒரே பாவாடைக்குச் சண்டை போட்டவர்கள்.

சாமி பேர் வைத்த பெண் என்ன செய்தாள் என்றால், ஏரியில் வலை போடுகிற கன்னியப்பனைப் பிடித்துப்போய் அவனையே கட்டிக்கொண்டாள். அதோடு விட்டாளா? ஏரி வற்றுகிற மாசங்களில் புருஷனுக்கு வேலையில்லை என்று, காசிமேட்டுக்குப் போய்க் கடல் மீன் எடுத்துவந்து தலையில் சுமந்து விற்க ஆரம்பித்தாள். பரசுராமன் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மீன் சட்டி ஏறாத வீடு அது. மகள் மீன் கூடையோடு அதே தெருவழியாகப் போனால் அவர் உள்ளே எழுந்து போய்விடுவார்.

பாபு கல்யாணத்தில்தான் அது ராஜம்மாவை நெஞ்சில் இடித்தது. தாலியில் மூன்று முடிச்சு. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மிச்சம் இரண்டும் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் போடணும். அதற்குப் பேரே நாத்தனார் முடிச்சு. ராஜம்மா கூப்பிடாத கல்யாணத்துக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு போய், பந்தலுக்கு வெளியே மாட்டுவண்டிக்குப் பின்னால் நின்றாள். கெட்டிமேளம் கேட்டது. பாஞ்சாலி முடிச்சு போட்டாள். ராஜம்மா அட்சதை அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினாள்.

சுபாஷ் வேறு மாதிரி. பெங்களூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. ஷிப்டு விட்டதும் நேரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சங்கரா மீன் குழம்பில் சோறு தின்றுவிட்டு, வாயைக் கொப்புளித்து, வெற்றிலை போட்டு வாடையை மறைத்துக்கொண்டுதான் அப்பாவிடம் போவான். செம்பரம்பாக்கம் அப்பாவு மகள் செந்தாமரையை அவனுக்குப் பேசி முடித்ததும் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"நைனா, அக்கா முடிச்சு போட்டாத்தான் நான் மனையில உக்காருவேன்."

 ஒரு வாரம் கழித்துப் பரசுராமன் பாஞ்சாலி மூலமாகச் சொல்லி அனுப்பினார். வரட்டும், முடிச்சும் போடட்டும். ஆனால் முந்தின நாள் மீன் தொடக்கூடாது. பெருமாளுக்கு முன்னால் தாலியைத் தொடுகிற கையில் வாடை இருக்கக்கூடாது. ராஜம்மா கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். கூடையை இரண்டு நாளைக்கு முன்னாலேயே கவிழ்த்துவிடுவதாகச் சொன்னாள்.

செய்துவிட்டு மீறினாள். அதற்கும் காரணம் உண்டு. சம்பந்தி அப்பாவு செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த மனுஷன். ஏரி மீனைத் தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. பரிசம் போட்ட அன்றைக்கே ராஜம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, கல்யாணம் முடிந்த மறுநாள் விருந்து உங்கள் வீட்டில்தானே, எனக்குக் கடல் மீனாகப் போடுங்க என்று கெஞ்சினார். பொண்ணு வீட்டுக்காரர் வாய் திறந்து கேட்டதை இல்லை என்று சொல்ல முடியுமா? ராஜம்மா கணக்குப் போட்டாள். விடியலுக்கு முன்னால் காசிமேட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பி, மீனை ஐஸில் புதைத்துவிட்டு, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளித்தால் எந்த மூக்குக்குத் தெரியப்போகிறது? மதியம் நலங்குக்கு அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். கன்னியப்பனிடம் தோட்டத்து அடுப்பில் அண்டாவை ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

காசிமேட்டில் அன்றைக்கு ஆழத்துக்குப் போன விசைப்படகுகள் கரைக்கு வந்திருந்தன. கடலுக்கடியில் பாறையாகக் கிடக்கிற இடத்தை அங்கே பார் என்பார்கள். ஆழத்துப் பாரை ஒட்டி இழுத்த வலை என்று ஏலக்காரன் கூவிக்கொண்டிருந்தான். குவியல் குவியலாக மீன். சங்கரா, கொடுவா, ஒன்றிரண்டு வஞ்சிரம், அடியில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும். குவியலைக் கண்ணால் பார்த்துத்தான் கேட்கணும், கை வைக்கக்கூடாது. ராஜம்மா ஒரு குவியலை எடுத்து அன்னக்கூடையில் அள்ளிப் போட்டு, மேலே ஐஸைக் கொட்டி, மீன்காரிகள் பங்கு போட்டுக்கொள்கிற வேனில் ஏறினாள்.

வேனில் வரும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம். கூடை ஒரு பக்கமாகக் கனத்தது. போன மாசம் இதே ஏலக்காரன், குவியல் பெரிதாகத் தெரியட்டும் என்று அடியில் ஒரு கருங்கல்லைச் சொருகிக் கொடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் கல். மறுநாள் கொண்டுபோய்க் காட்டினால், கல்லை நீயே போட்டுக் கொண்டுவந்திருப்பே என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டான். அன்றையிலிருந்து ராஜம்மா அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தாள்.

வீட்டுத் தோட்டத்தில் கூடையைக் கவிழ்த்தாள். ஐஸ் சரிந்தது, சங்கரா சிதறியது, அடியிலிருந்து உருண்டது கல்.

சாட்சாத் கல்லேதான். இரண்டு கை அளவுக்கு, செம்மண்ணும் சாம்பலும் கலந்த நிறம். மேலே பாசி பிடித்து நூல் நூலாகத் தொங்கியது. அங்கங்கே சொரசொரவென்று சுண்ணாம்பு அப்பினது போல. ராஜம்மாவுக்கு வந்ததே சந்தோஷம். மாட்டிக்கிட்டான். கன்னியப்பா, வந்து பாருய்யா, திரும்பவும் கல்லு போட்டுக் குடுத்துக்கிறான் அந்தக் கேப்மாரி என்று கூவிக்கொண்டே, அவன் மூஞ்சியில் கொண்டுபோய் வீசப்போகிற சந்தோஷத்தில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பதியப் பதிய அந்தக் கல்லின் முதுகை இறுக்கிப் பிடித்துத் தூக்கினாள்.

கல் வாயைத் திறந்தது.

கன்னியப்பன் ஓடிவரும்போது ராஜம்மா கையை உதறிக்கொண்டு அண்டாவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். அலறல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. அடுப்புக் கொள்ளிக்கட்டையை விரலுக்குள் சொருகினால் எப்படி இருக்கும், அப்படி என்பாள். விரலில் ஆரம்பித்த நெருப்பு மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையைப் பிடித்து, அக்குளில் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை பெற்றபோது பட்ட வலியெல்லாம் இதற்கு முன்னால் கொசுக்கடி என்பாள்.

கீழே விழுந்த கல் நிதானமாகச் செவுளை அசைத்தது. முதுகில் மடங்கிக் கிடந்த முள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. பக்கத்துத் துடுப்பு விரிந்தபோது அடியில் மஞ்சளும் ஆரஞ்சுமாக, கல்யாணப் புடவை முந்தானை மாதிரி ஒரு பளபளப்பு. இரண்டு கண் மட்டும் மேலே துருத்திக்கொண்டு அவர்களையே பார்த்தது. அவ்வளவு நேரம் ஐஸில் புதைந்து வந்தும் உயிர் போகவில்லை. கடல் மீன் விற்கிறவள்தான், ஆனாலும் இப்படியொரு மீனை ராஜம்மா கண்ணால் கண்டதில்லை.

கன்னியப்பன் பார்த்திருக்கிறானா? அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஏரி. ஏரியில் தேளி என்று ஒரு மீன் உண்டு, சேற்றில் கிடக்கும், மிதித்தால் முள்ளால் குத்தும். அவனுக்குப் பத்துத் தடவை குத்தியிருக்கிறது. குளிர்ந்த ஏரிச் சேற்றை வைத்துக் கட்டினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். ஆகவே அவன் துளிகூடப் பதறவில்லை. இது கடல் தேளி மே, அவ்வளவுதான், ஒண்ணும் ஆவாது என்று தைரியம் சொல்லி, ஓடிப்போய் ஒரு சட்டி நிறையச் சேறு அள்ளிவந்தான். அதோடு நிற்காமல், சீக்கிரம் அடங்கட்டும் என்று கூடையில் இருந்த ஐஸையும் நொறுக்கிச் சேற்றில் பிசைந்து, மனைவியின் கையைச் சுற்றி அப்பி, கோணித் துணியால் கட்டினான்.

குளிர் ஏற ஏற வலி ஏறியது. கை நீலம் பாரித்தது. கட்டைவிரல் பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி ஆனது. அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஒருத்தி வெங்காயம் நசுக்கி வந்தாள், ஒருத்தி மந்திரிக்க ஆள் சொல்லியனுப்பினாள், பாதிப்பேர் ராஜம்மாவை விட்டுவிட்டு மீனைச் சுற்றி நின்றார்கள். கன்னியப்பன் துடைப்பக்கட்டையால் அதைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் தள்ளி வைத்தான். ராஜம்மா அழுதாள். வலிக்காக அழுதது பாதி. மடங்காத விரலைப் பார்த்துப் பார்த்து அழுதது மீதி. நாளைக்கு விடிந்தால் முகூர்த்தம். இந்த விரலை வைத்துக்கொண்டு எந்த முடிச்சைப் போடுவது?

அந்த நேரத்தில்தான் பாஞ்சாலி வந்தாள், அக்காவை நலங்குக்கு அழைத்துப்போக. வாசலிலேயே அவளுக்கு வாடை வந்துவிட்டது. தோட்டத்துக்கு வந்து, சிதறிக் கிடக்கிற சங்கராவையும் ஐஸையும் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள். சத்தியம் பண்ணின வாய் இன்னும் காயலையே யக்கா என்று ஆரம்பித்து, பாபு கல்யாணத்தில் தொடங்கி ஒன்றையும் விடாமல் வாரிக் கொட்டினாள். கையைக் காட்டினால், வேணும் உனக்கு என்றாள். கன்னியப்பன் குறுக்கே பேசப்போக, நீ சும்மா கெட மாமா, சேறு பூசறதுக்கு இன்னா எங்கக்கா வரப்பா என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் அந்த நிலையிலும் சிரித்தார்கள்.

பிறகு பாஞ்சாலி ஒன்று செய்தாள். அது ராஜம்மாவைக் காப்பாற்றவேண்டும் என்று செய்ததில்லை. நலங்குக்குப் பெரியப்பா முன்னால் போய் நிற்கவேண்டும், அதற்குள் வாடையைப் போக்கவேண்டும் என்கிற பயம்தான். அண்டாவில் வெந்நீர் தயாராக இருந்தது. ஒரு தூக்குவாளியில் மொண்டு, சீயக்காயை அள்ளிப் போட்டு, கட்டைப் பிய்த்து எறிந்து, ராஜம்மா கத்தக் கத்த அவள் கையைப் பிடித்து வாளிக்குள் அமுக்கினாள்.

ராஜம்மா கத்தல் பாதியில் நின்றது.

செத்துவிட்டாளோ என்று பயந்து எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்குளில் இருந்த நெருப்பு முழங்கைக்கு இறங்கியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு. அப்புறம் விரலில் மட்டும் ஒரு குறுகுறுப்பு. பாஞ்சாலி, கழுவினது போதும் என்று கையை வெளியே எடுத்தாள். உடனே நெருப்பு திரும்பி ஏறியது. ராஜம்மா தங்கச்சி கையைத் தட்டிவிட்டுத் தானே வாளிக்குள் கையை விட்டாள். நெருப்பு இறங்கியது. எடுத்தாள், ஏறியது. விட்டாள், இறங்கியது.

"ஏய் பாஞ்சாலி," என்றாள், "தண்ணி ஆறுது. இன்னும் ஊத்துடி."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த அமளி இருக்கிறதே. ஒருத்தி அடுப்பை ஊத, ஒருத்தி விறகு கொண்டுவர, ஒருத்தி சூடு பார்க்க. டாக்டரிடம் போகணும், ஆனால் வாளியிலிருந்து கையை எடுக்க முடியாது. கன்னியப்பன் சைக்கிளை எடுத்தான். பின் கேரியரில் ராஜம்மா, மடியில் தூக்குவாளி, வாளிக்குள் கை. முன் ஹேண்டிலில் மீன் பக்கெட். பக்கத்தில் பாஞ்சாலி, தலையில் துணிச்சும்மாடு வைத்து வெந்நீர்த் தவலையைச் சுமந்துகொண்டு ஓட்டம். ஆறுகிறபோது நின்று ஊற்றுவது, மறுபடி ஓடுவது. இப்படியே தேரடித் தெரு வழியாகப் போனால் ஊர் சும்மா இருக்குமா? பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள்.

டாக்டர் ஜெபகுமார் ராமநாதபுரத்துக்காரர், கடலோர ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கையைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கெட்டைத்தான் எட்டிப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏத்தா, இதை எங்கிட்டுப் பிடிச்ச? தேள்மீன்ல இது."

ஆழத்துப் பாரில் கல்லோடு கல்லாக அசையாமல் கிடக்கும், கிட்டே வருகிற மீனை ஒரே வாயில் விழுங்கும், முதுகு முள் ஒவ்வொன்றுக்கும் அடியில் விஷப்பை இருக்கிறது என்று அவர் சந்தோஷமாக விளக்கிக்கொண்டே போனார். கரைக்கு இத்தனை தூரத்தில், வயல்காட்டுக்கு நடுவில், உயிரோடு அதைப் பார்ப்போம் என்று அவர் நினைத்ததே இல்லையாம். அப்புறம்தான் வெந்நீரில் வைத்தது யார் என்று கேட்டார். கன்னியப்பன் மெதுவாகச் சுவரைப் பார்த்தான். பாஞ்சாலி தவலையை இறக்காமலே, நான்தான் என்றாள். அந்த விஷம் சூட்டில் அடங்கும், பொறுக்கிற சூடு போதும், கை வெந்துவிடாமல் பார்த்துக்கொள் என்றார் டாக்டர். ஒடிந்த முள்நுனியை எடுத்து, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார். வலி ராத்திரிக்குள் குறைந்துவிடும், வீக்கம் வடிய நாளாகும்.

நாளைக்குத் தாலி முடிச்சு போடணும் டாக்டரய்யா என்றாள் ராஜம்மா. அவர் கட்டைவிரலை மெல்ல மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. வெந்நீரில் வைத்து எடுத்த சூட்டோடு மடக்கினால் கொஞ்சம் இடம் கொடுத்தது. சூடு இருக்கிறவரைக்கும் வளையும், அதற்குள் போட்டுக்கொள் என்றார்.

அந்த நிம்மதியோடு திரும்பினால், கிளினிக் வாசலில் பரசுராமன் நின்றுகொண்டிருந்தார். ஊர் சொல்லியிருக்கிறது. நாமம் வியர்வையில் கரைந்திருந்தது. மகளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், கன்னியப்பன் கையில் காலிப் பக்கெட்டைப் பார்த்தார். மீனை டாக்டர் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார், ஆனாலும் வாடை பக்கெட்டில் இருந்தது.

"சத்தியம் பண்ணே," என்றார். "பாஞ்சாலியே போடட்டும்."

ராஜம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.  சத்தியத்தை மீறினது அவள்தானே.  பாஞ்சாலி தவலையைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நலங்குக்குப் போகாமல் ஏரிக்கரையிலேயே தங்கி, தூக்கம் வருகிறவரைக்கும் அக்காவின் கைக்கு வெந்நீர் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

விடிந்ததும் கல்யாண மண்டபம் அமர்க்களப்பட்டது. பொண்ணு வீட்டார் செம்பரம்பாக்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்கினார்கள். சேதி அங்கேயும் எட்டியிருந்தது, இறங்கினதும் சம்பந்தி அப்பாவு மாப்பிள்ளையைக் கேட்கவில்லை, கல்லு மீன் எங்கே என்று கேட்டார். டாக்டர் கிளினிக்கில் இருக்கிறது என்று தெரிந்து, மாலையைப் போட்டபடியே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு தேரடிக்குப் போய்விட்டார். அது ராத்திரியே உயிரை விட்டிருந்தது. டாக்டர் அதைப் பெரிய கண்ணாடிச் சீசாவில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்திருந்தார். அப்பாவு திரும்பிவந்து பந்தியிலும் படியிலும் அதே பேச்சு. நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பை நிறுத்திக் கேட்டார்.

ராஜம்மா மணவறைப் பக்கம் வரவில்லை. மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சமையல்கார பலராமன் காப்பிக்கு வைத்த வெந்நீரை ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுத்திருந்தார். கை அதற்குள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. முடிச்சு போடப்போவது பாஞ்சாலி. ஆனாலும் கையை எடுக்க மனசு வரவில்லை. சொம்பு ஆறினால் பலராமன் கேட்காமலே ஊற்றினார்.

மணவறையில் சுபாஷ் உட்கார்ந்தாகிவிட்டது. முந்தின நாள் நடந்ததைக் கேட்டு ஒரு ஆட்டம் ஆடி, எழுந்து போகிறேன் என்று கிளம்பினவனை அக்காதான் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரவைத்திருந்தாள். செந்தாமரை வந்து உட்கார்ந்தாள். தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் தொட்டுக் கும்பிடக் கொண்டுபோனார்கள். தட்டு திரும்பி வந்தது. ஐயர், நாத்தனார் வாங்கோ என்றார். பரசுராமன் பாஞ்சாலியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

பாஞ்சாலி வந்து நின்றாள். வலது கையை மோந்து பார்த்தாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பெரியப்பா, நேத்து பூரா அவ கையப் புடிச்சிக்கினு இருந்தது இந்தக் கைதான். அதே வாடைதான் இதுலயும் கீது. வாடை இருந்தா போடக்கூடாதுன்னா நானும் போடக்கூடாது. வேற யாராச்சும் இருந்தா கூப்டுங்க."

 கூடப் பிறந்தவள் முறைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பாஞ்சாலி அதோடு விடவில்லை. பாபு அண்ணன் கல்யாணத்தில் முடிச்சு போட்டதற்குப் பட்டுப் புடவை தருகிறேன் என்று ஒரு துண்டை நீட்டினது இன்னும் மறக்கவில்லை என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். பாபு தலையைக் குனிந்துகொண்டான். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அப்பாவு எழுந்து, சம்பந்தி, எங்க வூடே ஏரிக்கரை, மீன் வாடை இல்லாத கை எங்க வூட்ல ஏது, பொண்ணு கையே அப்படித்தான் இருக்கும், மோந்து பாக்கறீங்களா என்றார். செந்தாமரை குனிந்த தலைக்குள்ளேயே சிரித்துவிட்டாள்.

பரசுராமன் மேலே பார்த்தார். பெருமாள் படத்தைப் பார்த்தாரோ, விட்டத்தைப் பார்த்தாரோ. முகூர்த்த நேரம் போகிறது என்று ஐயர் முனகினார். பரசுராமன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார். சுபாஷுக்கு அது போதும். தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு, கெட்டிமேளம் என்று அவனே கத்திவிட்டான்.

மேளம் முழங்கியது. சமையல்கட்டில் ராஜம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஞ்சாலி வாசல்படியில் நின்று, வாக்கா, ஓடியா என்று கையை ஆட்டுகிறாள். ராஜம்மா எழுந்தாள், சொம்போடு எழுந்தாள். கையை எடுத்தால் சூடு போய்விடும், சூடு போனால் விரல் மடங்காது. சொம்புக்குள் கையை வைத்தபடியே, தண்ணீர் சிந்தச் சிந்த, பந்தி இலைகளைத் தாண்டி, சம்பந்தி வீட்டுக் கிழவிகளை இடித்துக்கொண்டு ஓடினாள். வழியில் பாஞ்சாலி சொம்பின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். சுபாஷ் முதல் முடிச்சைப் போட்டு, நுனியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபடி இருந்தான். அட்சதை விழுந்துகொண்டிருந்தது. ராஜம்மா கையைச் சொம்பிலிருந்து உருவினாள். ஆவி பறந்தது. ஈரக் கையை முந்தானையில் ஒரு துடை.

இரண்டாம் முடிச்சு விழுந்தது. மூன்றாவதற்குக் கட்டைவிரல் மெல்ல விறைக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, விரலைச் சுற்றி மஞ்சள் கயிற்றை வளைத்து, நழுவிவிடக்கூடாதே என்கிற பயத்தில் உடம்பில் இருக்கிற பலமெல்லாம் சேர்த்து ஒரே இழுப்பு இழுத்தாள்.

"மெதுவா, அண்ணி," என்றாள் செந்தாமரை, கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் ஏரிக்கரை வீட்டு விருந்தில் அப்பாவு நாலு தடவை சங்கரா குழம்பு ஊற்றச் சொன்னார். பாஞ்சாலி பரிமாறினாள். பாபு கூச்சத்தோடு ஒரு பட்டுப் புடவையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். பரசுராமன் அங்கே வரவில்லை. வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

தேள்மீன் இருந்த சீசா ரொம்ப வருஷம் டாக்டர் மேசையில் இருந்தது. கார் கம்பெனி வந்து, வேலைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள் காய்ச்சலுக்கு அங்கே போய் உட்கார்ந்தால், எதற்கு இந்த டாக்டர் கல்லைச் சீசாவில் போட்டு வைத்திருக்கிறார் என்று கம்பவுண்டரைக் கேட்பார்கள். ராஜம்மா அதற்குப் பிறகு எந்தக் கூடையையும் குச்சியால் கிளறாமல் கை வைத்ததில்லை. காசிமேட்டு ஏலக்காரன் தான் கல் போடவில்லை என்று அதைச் சொல்லிச் சொல்லி மெச்சிக்கொண்டான். பாஞ்சாலியோ, அக்கா உயிரைக் காப்பாற்றினவள் என்று கடைசிவரை எல்லாக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

ஆனால் ராஜம்மா கதையை முடிக்கிற இடம் அது இல்லை.

மூன்றாம் மாசம் தாலி பிரித்துக் கோக்கிற நாள். மஞ்சள் கயிற்றிலிருந்து தாலியை எடுத்து, குண்டு சேர்த்து, புதுக் கயிற்றில் கோக்கணும். பரசுராமன் வீட்டில் செந்தாமரையை மனையில் உட்காரவைத்து, சுமங்கலிகள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது நகம் பெயரப் பெயர அவிழ்ந்தது. மூன்றாவது இம்மியும் அசையவில்லை. ஊசியால் குத்திப் பார்த்தார்கள், எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். கத்திரியை எடு என்று ஒருத்தி சொல்ல, தாலிக் கயிற்றை அறுக்கிறதா என்று மற்றவர்கள் காதைப் பொத்தினார்கள். பரசுராமனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். கல்லு மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டவதான் அவுக்கணும்," என்றார். "யாராச்சும் போய்க் கூட்டியாங்க."

சுபாஷ் கடைத்தெருவுக்குச் சைக்கிளில் பறந்தான். ராஜம்மாவுக்குக் குளிக்க நேரமில்லை, புடவை மாற்ற நேரமில்லை. விற்றதுபோக மிச்ச மீன் கூடையில் இருந்தது, விட்டுவர ஆளில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். இறங்கினவள் வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கூடையை வெளியே மண்ணில் இறக்கி வைத்துவிட்டு, பைப்பில் கை கழுவப் போனாள்.

பரசுராமன் வாசலுக்கு வந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. கூடையிலிருந்து ஐஸ் உருகித் தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கூடையைப் பார்த்தார், மகளின் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அத்த உள்ள கொண்டாந்து நெழல்ல வை," என்றார். "வெயில்ல கெட்டுப்பூடும்."